பதினொரு கதியால்

டிசம்பர் 3, ஞாயிறு

இவ்வளவு பிந்திய நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள், ரீச்சர். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. என் மகள் ஆரணிக்கு இரண்டரை வயது, இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கிய பிறகு மிஞ்சும் நேரம்தான் எனக்கு எழுதக் கிடைக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகள் படமெடுத்து அனுப்பிய உங்கள் கடிதம் இன்று கிடைத்தது. “ரெலிபோனில் எனக்குக் காது கேட்பதில்லை. கேட்ட காலத்திலும் சனம் இன்றைக்குச் சொன்னது நாளைக்கு மாறிவிடும். வேலி விஷயத்தில் நடப்பதை நடந்த அன்றே திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி அனுப்பும். வீட்டில் இருக்கிறவள் நீர். உமது யோசனையையும் எழுதும்.” கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். உங்கள் வீட்டில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு வீடுகளில் இருந்தேன். எந்த வீட்டுக்காரரும் என் யோசனையைக் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். வெள்ளி இரவு அடித்த காற்றில் வடக்கு வேலி விழுந்துவிட்டது. ஒழுங்கையிலிருந்து கிணற்றடி தாண்டிப் பின்வளவு வரை, ஒரு முழம்கூட மிச்சமில்லை. தென்னோலைக் கிடுகு ஏற்கெனவே உக்கிப்போயிருந்தது. அதைத் தாங்கிய கதியால்கள் பச்சைக் கம்பாக மண்ணில் நட்டதும் துளிர்த்து மரமானவைதான், ஆனால் அடியைக் கறையான் தின்றிருந்தது. காலையில் எங்கள் குசினிக் கதவைத் திறந்தேன், பக்கத்து வீட்டுக் குசினிக் கதவு எதிரே நின்றது. நடுவில் ஒன்றுமில்லை.

கிணறு எங்கள் பக்கம்தான், வேலியை முட்டிக்கொண்டு. கட்டு இடுப்பளவு உயரம். ஆரணி கதிரையை இழுத்துப் போட்டு ஏறப் பழகிவிட்டாள் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

உங்கள் பெறாமகன் குகதாசன் அண்ணா பின்னேரம் வந்து பார்த்தார். “கிடுகும் கதியாலும் இனிச் சரிவராது தங்கச்சி. மதில்தான். ஒருக்கா எழுப்பிப்போட்டா நூறு வருசத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை” என்றார். மதில் கட்டுகிற மேசன் பதினாறாம் திகதிதான் வருவாராம். மதில் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. என் யோசனையும் மதில்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 4, திங்கள்

மழை. ஆரணிக்குச் சளி. பழைய சேலை இரண்டை இடைவெளியில் கட்டினேன். ஒன்றைக் காற்று கொண்டுபோய்விட்டது.

டிசம்பர் 5, செவ்வாய்

பதினாறு வரை காத்திருக்க முடியாது. அதுவரைக்கு என்ன செய்யலாம் என்று என் கணவர் நிரோஷனைப் போனில் கேட்டேன். அவர் கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கிறார். சனி மாலை வந்து திங்கள் விடியப் போவார். “தகரம் அடிப்பம், ரெண்டு மணித்தியால வேலை” என்றார். தகரம் வேண்டாம் என்றேன். முதல் வீட்டில் தகர வேலி. காற்றடித்தால் யாரோ கதவைத் தட்டுவது போலிருக்கும். ஆரணி பிறந்து ஐந்து மாதம் நான் அந்தச் சத்தத்துக்கு எழும்பி எழும்பியே கழித்தேன்.

இன்று காலை ஒரு பத்து நிமிடம் அவளைக் காணவில்லை. அதை விரிவாக எழுதத் தேவையில்லை.

கிணற்றில் தண்ணீர் மேலிருந்து ஏழாவது கல் வரைக்கும் நிற்கிறது. ஒரு பூவரசு இலை மிதந்தது, ஒரு நீலப் போத்தல் மூடி மிதந்தது. ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். பார்த்து முடிந்த பிறகுதான், வட்டக் கிணற்றுக்கு மூலை கிடையாது என்பது புத்தியில் ஏறியது. எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து குரல் கேட்டது.

“தங்கச்சி! உங்கட சின்ன ஆள் இஞ்ச இருக்கிறா. மூண்டு இடியப்பம் முடிஞ்சுது. நாலாவதுக்குச் சொதி காணாதாம்!”

அது ஞானமலர் அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். அவருடைய கணவர் பொன்ராசா அண்ணை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். எட்டு மாதமாக வேலிக்கு மேலால் தலையாட்டிச் சிரித்ததோடு சரி. இன்றுதான் முதல்முறை அவர் வீட்டுக்குள் கால் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். பலகையைத் தள்ளிப் போட்டுவிட்டு, “இரும். கால் நடுங்குது உமக்கு” என்றார். எனக்குக் கால் நடுங்கவில்லை. ஆனாலும் இருந்தேன்.

குசினிச் சுவரோரம் தண்ணீர்க் கான்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒழுங்கை முகப்பில் உள்ள பொதுக் குழாயிலிருந்து அண்ணை சைக்கிளில் கொண்டுவருவாராம், ஒரு நாளுக்கு ஏழு நடை. இவ்வளவு மா பிசையத் தண்ணீர் வேண்டாமா?

“உங்களுக்குக் கிணறு இல்லையோ அக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு” என்றார். இடியப்ப உரலை அழுத்தத் தொடங்கினார்.

டிசம்பர் 6, புதன்

ரீச்சர், இன்று நான் வேலி போட்டேன். நானே போட்டேன்.

காற்றில் முறிந்து கிடந்த பூவரசங் கொப்புகளை வெட்டிக் கதியாலாக்கினேன். ஆரணியை யன்னலுக்குள்ளே கட்டிலில் இருத்தி, கைக்கு ஒரு கரண்டியும் சட்டியும் கொடுத்துவிட்டு, அலவாங்கோடு இறங்கினேன். அவள் உள்ளே மேளம் அடித்தாள், நான் வெளியே குழி வெட்டினேன்.

விழுந்த வேலியின் பழைய குழிகளில் நட முடியவில்லை. அடிக்கட்டைகள் வேரோடு இறுகிக் கிடக்கின்றன, அலவாங்கு பட்டால் கை அதிர்கிறது. உட்பக்கம் நட்டால் கிணற்றடி வாய்க்கால் அடைபடும். ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் வெளிப்புறமாக, ஒரு சாண் தள்ளி, மண் இளகிய இடத்தில் குழி எடுத்தேன். கிணற்றடியை மறைக்கும் அளவுக்குப் பதினொரு கதியால். அவற்றில் பச்சை வலையை இழுத்துக் கட்டினேன். மூன்று மணிக்கு முடிந்தது. உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். ஒரு தும்பி வந்து ஐந்தாவது கதியாலில் இருந்தது. அதையும் சேர்த்துப் படம் எடுத்து நிரோஷனுக்கு அனுப்பினேன்.

“உமக்கு அலவாங்கு பிடிக்கத் தெரியுமெண்டு கலியாணத்துக்கு முன்னம் ஏன் சொல்லேல்லை?” என்று பதில் போட்டார். அந்தச் செய்தியை இப்போது இரண்டாம் தரமும் வாசித்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

ஞானமலர் அக்கா காலையில் வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இடுப்பில் கையை வைத்து, என் பதினொரு கதியாலையும் ஒன்றுவிடாமல் பார்த்தார்.

“வடிவாய்த்தான் நட்டிருக்கிறீர். கம்பஸிலை இதையும் படிப்பிச்சவங்களோ?”

“இல்லை அக்கா, நானே பழகினனான்.”

“நல்லாத்தான் பழகியிருக்கிறீர். எனக்கு ஒரு சாண் குறைஞ்சு போச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது; முகம் சூடாகிவிட்டது. பழைய கட்டை கிளம்பவில்லை, உள்ளுக்கு வாய்க்கால் என்று வேகமாகச் சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும் தங்கச்சி, தெரியும். நீர் மட்டுமில்லை. உதில கதியால் நட்ட எல்லாரும் உதைத்தான் சொன்னவை. கட்டை கிளம்பாது, உள்ளுக்கு வாய்க்கால். பேந்தென்ன, எங்கட பக்கம்தானே மண் மெத்தெண்டு கிடக்கு.”

“நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையோ?”

“ஆரைக் கேக்கிறது? வேலியையோ?”

வலையின் இரண்டு பக்கமும் நின்றபடியே கதைத்தோம். அந்தக் காணி அவருடைய அம்மாவின் சீதனம். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர்கள், பதினாறு வருடம் கழித்துத்தான் திரும்பினார்கள். வந்து பார்த்தபோது வேலி கிணற்றைத் தாண்டி அவர்கள் பக்கம் நின்றது. “அது பங்குக் கிணறு தங்கச்சி. பாதி எங்களுக்கு, பாதி அவைக்கு. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை இந்தப் பக்கம் நிண்டுதான் குளிக்கிறது. அந்தப் பக்கம் உங்கட ரீச்சர். எங்களிட்டைச் சவுக்காரம் முடிஞ்சுதெண்டா அங்காலயிருந்து எறிவா. நான் பிடிக்கேல்லையெண்டா கிணத்துக்கை விழும். பேந்து ரெண்டு வீடும் சேர்ந்து ஏசும்.”

காணி உறுதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம். காணிப் பதிவுக் கந்தோரில் தேடினால், அந்த வருடத்துப் பக்கம் பழுதாகிவிட்டது என்றார்களாம். குகதாசன் அண்ணாவிடம் ஒரு தடவை கேட்டாராம். “உறுதியைக் கொண்டா” என்று சொல்லிவிட்டார். அக்கா அதோடு விட்டுவிட்டார். பன்னிரண்டு வருடமாகப் பொன்ராசா அண்ணை சைக்கிள் மிதிக்கிறார்.

இதை ஞானமலர் அக்கா சொன்னார் என்பதற்காக மட்டும் எழுதவில்லை, ரீச்சர். ஒரு பக்கத்துக் கதையை நம்பி எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நாளை நானே பார்க்கிறேன்.

டிசம்பர் 9, சனி

பார்த்தேன்.

கிணற்றுக் கட்டின் வடக்கு விளிம்பை இதுவரை கிடுகு மறைத்திருந்தது. பாசியைத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினேன். வாளிக் கயிறு அறுத்த தடங்கள் நான்கு இருக்கின்றன, விரல் புதையும் ஆழத்துக்கு. எங்கள் பக்கத்து விளிம்பில் இருப்பது போலவேதான். வேலிக்கும் கட்டுக்கும் நடுவே ஆள் நிற்க இடமில்லை, இவை அந்தப் பக்கம் நின்று அள்ளியவர்களின் தடங்கள்தான்.

நிரோஷன் மாலையில் வந்தார். காட்டினேன். தடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

“யசோ, நாங்கள் ஆரின்ர வீட்டில இருக்கிறம்?”

“ரீச்சரின்ர.”

“பேந்து?”

நான் பொச்சை வாளிக்குள் போட்டேன்.

“இது மூண்டாவது வீடு” என்றார். “போன வீட்டில பிள்ளை அழுகிறாளெண்டு எழுப்பினவை. இதில நாங்களே போய்க் கேட்டு எழும்பப் போறமோ?”

அவர் சொல்வது சரிதான். நாங்கள் வீடு மாறிப் பழகியவர்கள். எனக்கு அது ஒரு பெரிய விஷயமில்லை. ஆரணி ஓடப் பழகியது இந்த வீட்டு விறாந்தையில்தான், ஆனால் ஓடப் பழகிய பிள்ளை எங்கேயும் ஓடும்.

டிசம்பர் 10, ஞாயிறு

இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்றுதான் தொடங்க நினைத்தேன். பொய் எதற்கு? பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் புவியியல் சிறப்புப் பட்டதாரி, ரீச்சர். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. மூன்றாம் வருடம் முழுவதும் நிலம் அளந்தோம், படம் வரைந்தோம். அந்தச் சான்றிதழ் நான்கு வருடமாக உடுப்புப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இன்று அதற்கு வேலை வந்தது.

ஒழுங்கையோரம் ஓர் எல்லைக்கல் இருக்கிறது, தலையில் சிலுவைக் குறியோடு. ஒரு முனைக்குக் கல் இருந்தால் மறுமுனைக்கும் இருக்கவேண்டும். பின்வளவில் ஞானமலர் அக்காவின் பொச்சுக் குவியலைப் பொன்ராசா அண்ணையும் நிரோஷனும் ஒரு மணித்தியாலம் கிளறினார்கள். கல் அகப்பட்டது. அதே சிலுவைக் குறி. இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு மீன் நூலை இழுத்துக் கட்டினோம். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை நிரோஷன் பிடித்தார். “எனக்கு இது தேவையில்லாத வேலை” என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்தார், ஆனால் நூல் தளரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

நூல் கிணற்றின் நடுவால் போனது. ஒரு விரல்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. ஞானமலர் அக்கா ஆரணியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

பிறகு நான் மண்ணைப் பார்த்தேன். நூலின் நேர் கீழே ஒரு வரிசையில் கதியால் நின்ற அடையாளம் இருக்கிறது. சில இடத்தில் கட்டை, சில இடத்தில் உக்கிப்போன கறுப்பு வட்டம் மட்டும். அதிலிருந்து ஒரு சாண் வெளியே இன்னொரு வரிசை. அதற்கும் வெளியே இன்னொன்று. இப்படி ஆறு தடவை நகர்ந்திருக்கிறது. ஏழாவது தடவை என்னுடையது.

வரைதாளில் போட்டுப் பார்த்தேன். கல் இருக்கும் இரண்டு முனையிலும் வேலி நகரவில்லை. நடுவில் மட்டும் வில்லைப் போல வெளியே வளைந்திருக்கிறது. ஐந்தாவது தடவை நகர்ந்த வரிசை வரைக்கும் கிணறு வழியில் நிற்கிறது. அதுவரை வேலியைக் கிணற்றடியில் முறித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் அள்ள இடம் விட்டிருக்கவேண்டும். ஆறாவது தடவை நட்டவருக்குக் கிணறு தடையாக இருக்கவில்லை. நேராக அடைத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

யாரும் களவெடுக்கவில்லை, ரீச்சர். இதை நீங்கள் நம்பவேண்டும். உங்கள் அப்பா நட்டாரோ, அவருக்குப் பிறகு இருந்தவர்கள் நட்டார்களோ, எனக்குத் தெரியாது. பழைய கட்டை கிளம்பியிருக்காது, உள்ளே வாய்க்கால் இருந்திருக்கும், மழைக்கு முதல் வேலையை முடிக்கவேண்டியிருந்திருக்கும். புதன்கிழமை நானும் அதையே செய்தேன். செய்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

இன்று எழுதியதைக் கிழித்துவிட்டேன். பிழை உங்களுடையது போல வாசிக்கத் தெரிந்தது.

டிசம்பர் 14, வியாழன்

குகதாசன் அண்ணா வந்தார். மறைத்து வைக்க எனக்கு வராது. வரைதாளைக் காட்டினேன், நூலையும் காட்டினேன். அவர் நூலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நீங்கள் வாடகைக்கு இருக்கிறனீங்கள் தங்கச்சி. வேலிக் கதை உங்களுக்கு என்னத்துக்கு?”

“ரீச்சர் என்ர யோசனையை எழுதச் சொன்னவ அண்ணா.”

“வேலி வேணுமோ மதில் வேணுமோ எண்டுதான் கேட்டிருப்பா. எங்கை வேணுமெண்டு கேட்டவவோ?”

உண்மையில் நீங்கள் அதைக் கேட்கவில்லைதான். ஆனால் எங்கே என்று தெரியாமல் எதை வைப்பது? கிடுகு பிழையான இடத்தில் நின்றால் அடுத்த மழைக்கு விழும், அப்போது திருத்தலாம். மதில் விழாது. அவரே சொன்னார், நூறு வருடம் என்று.

மோட்டார் சைக்கிளைத் திருப்பியவர், பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தை பிறக்கிறதுக்கு முன்னம் வேறை வீடு பாக்கிற யோசனை இருந்தாச் சொல்லுங்கோ. நான் உதவி செய்யிறன்.” குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நிரோஷனுக்குப் போனில் சொன்னேன். பின்னால் ஆலை இரைந்தது.

“பெட்டி கொண்டுவரட்டோ?” என்றார்.

“எத்தினை கிடக்கு?”

“பால்மாப் பெட்டி பத்து.”

“காணாது. போன முறை பதினாலு போனது.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அவர் சொன்னார்: “நூல் நடுவாலதான் போனது யசோ. நானும்தானே பிடிச்சனான். ரீச்சருக்கு எழுதும்.”

டிசம்பர் 15, வெள்ளி

மற்றவர்கள் தள்ளிய ஆறு சாணைத் தொட எனக்கு உரிமை இல்லை. என்னுடைய ஒன்றைத் தொடலாம்.

காலையில் என் பதினொரு கதியாலையும் பிடுங்கினேன். ஒன்பது நாளில் இரண்டு கணுவில் முளை கண்டிருந்தது, பிடுங்க மனம் வரவில்லை. காற்றில் விழுந்த வேலியின் அடிக்கட்டைகளை ஞானமலர் அக்கா அந்தப் பக்கமிருந்து அலவாங்கால் நெம்பினார், நான் இந்தப் பக்கமிருந்து வேரை வெட்டினேன். தனியே நின்று ஒரு பக்கத்தால் அவற்றைக் கிளப்பவே முடியாது. இத்தனை வருடமும் யாருக்கும் கிளம்பாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

“உந்தக் கட்டைக்கு என்ர மாமியின்ர குணம். ஒரு பக்கத்தால கதைச்சா அசையாது” என்றார் அக்கா. ஆரணி மண்ணெல்லாம் பூசிக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினாள். கிணற்றின் மேல் நிரோஷன் போன ஞாயிறு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறார். நான் அரை மணிக்கு ஒரு தரம் மட்டும் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

நாலரைக்குப் பதினொரு கட்டையும் வெளியே. அந்தக் குழிகளிலேயே என் கதியால்களை நட்டேன். என் ஒரு சாண் திரும்பிவிட்டது.

டிசம்பர் 16, சனி

மேசன் பின்னேரம் வந்தார். சிவபாலன் அண்ணை, நல்ல மனிதர். குகதாசன் அண்ணாவும் வந்தார். மேசன் விழுந்த வேலியின் அடியோடு தன் நூலைப் பிடித்து, அத்திவாரத்துக்குக் கோடு போடப் போனார். நான் ஆரணியைத் தூக்கிக்கொண்டு கோட்டின் மேல் போய் நின்றேன்.

“அண்ணை, இதில வெட்ட வேண்டாம்.”

“பிள்ளை, நான் வெட்டத்தானே வந்தனான்.”

“ரீச்சரின்ர எழுத்து வரட்டும். அவ சொன்னால் நானே மண் அள்ளித் தாறன்.”

குகதாசன் அண்ணா உங்கள் வயதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை இதில் எழுதவில்லை. நான் உங்கள் கடிதத்தை எடுத்து, “உமது யோசனையையும் எழுதும்” என்ற வரியை உரத்து வாசித்தேன். நிரோஷன் அப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்தவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் பெட்டி எதுவும் இல்லை.

மேசன் ஒழுங்கைக் கல்லடியில் குந்தியிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலி நின்ற இடத்தை நெடுகப் பார்த்தார். “தம்பி, பிள்ளை சொல்லுறதிலையும் விஷயம் கிடக்கு. இது நேரில்லை. நடுவிலை வயிறு தள்ளியிருக்கு.”

“நாப்பது வயசு தாண்டினா வேலியும் வயிறு வைக்கும்தானே” என்றார் ஞானமலர் அக்கா அந்தப் பக்கமிருந்து. மேசன் சிரித்துவிட்டார். தன் வயிற்றைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தார். குகதாசன் அண்ணா சிரிக்கவில்லை, ஆனால் வெட்டச் சொல்லவும் இல்லை. “செவ்வாய்க்கிழமை வருவம். அதுக்குள்ளை ரீச்சரின்ர பதில் வராட்டில் இந்த இடத்திலதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு என் கால் நடுங்கியது. இந்தத் தடவை ஒத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். திருத்தவில்லை. நிரோஷன் காலையில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்கள் மருமகளுக்கு அனுப்புவார். வரைதாளும் இருக்கும்.

என் யோசனை இது. முதல் நாள் மதில் என்று எழுதினேன், அதை வெட்டிவிடுங்கள். இரண்டு கல்லுக்கும் நேராக, நூல் போன வழியே, கதியால் நட்டு அதில் கம்பிவலை அடிக்கலாம். பிள்ளை நுழையாது, காற்றும் தங்காமல் போகும். கிணற்றடியில் வேலி முறிந்து இரண்டு பக்கமும் வழி விடவேண்டும். கிணற்று வலைக்கு இரண்டு சாவி, வீட்டுக்கு ஒன்று. பிறகு எப்போதாவது உங்களுக்கு மதில்தான் வேண்டுமென்றாலும், அதே கோட்டில் யாருக்கும் பயப்படாமல் எழுப்பலாம். நடுகிற வேலையை நானும் ஞானமலர் அக்காவும் செய்வோம். எங்களுக்கு இப்போது கை பழகிவிட்டது.

நாங்கள் இந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதா இல்லையா என்பது வேறு கதை. அதை இதோடு சேர்த்து யோசிக்கவேண்டாம். உங்கள் பதில் எதுவானாலும் நான் இதை எழுதியிருப்பேன். எழுதினேன் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

உங்கள் உறுதி உங்களிடம்தான் இருக்கிறது. அதில் வடக்கு எல்லையைப் பற்றியும் கிணற்றுப் பங்கைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கிணற்றில் எதிர்ப்பக்கம் நின்று குளித்தவர்களை உங்களுக்கு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். மேசன் நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு வருவார். தயவுசெய்து அதற்கு முன் கெதியாகப் பதில் போடுங்கள், ரீச்சர்.

யசோதினி